டெல்மருக்கு ஈடான ஆள்

பேஸ்பாலில் முதல் பேஸைக் காக்கிற டெல்மர், குழந்தைகூடப் பிடித்துவிடும் பந்தை ஒற்றைக் கையால் ஸ்டைலாகப் பிடித்துக் காட்டப் போய்க் கோட்டைவிட்டான். ஆட்டமும் போயிற்று.

உடை மாற்றும் அறைக்கு வந்தால், அவனுடைய பையை யாரோ கட்டி வைத்திருந்தார்கள். பத்து வருஷத்தில் ஏழு அணி பார்த்தவனுக்கு அதன் அர்த்தம் தெரியும். அவனை வேறு அணிக்குக் கொடுத்துவிட்டார்கள். இன்னொரு தடவை ஊர் மாறினால் நீ தனியாகத்தான் போவாய் என்று மனைவி லொரெய்ன் தீர்த்துச் சொல்லியிருந்தாள்.

மேலாளர் கஸ்ஸிடம் ஓடினான்.

“கஸ், இனிமே ரெண்டு கையாலதான் பிடிப்பேன். பைபிள் மேல சத்தியம்.”

“முடிவு காலையிலயே ஆயிடுச்சுப்பா. டெட்ராய்ட் அணிக்குக் கெளம்பு.”

“ஜூன் மாசம் அங்கேயிருந்துதானே வந்தேன்?”

கஸ் சுருட்டைப் பற்றவைத்தார்.

“லொரெய்ன்கிட்ட என்னத்தச் சொல்லுவேன்? என்னைக் குடுத்து எந்தப் பெரிய ஆட்டக்காரனை வாங்கினீங்க? அதையாவது நேரா சொல்லுங்க.”

“உன்னைத்தான். ஜூன்ல உன்னை வாங்கினப்போ, பதிலுக்கு ஒரு ஆளைத் தர்றோம், பேரை அப்புறம் சொல்றோம்னு எழுதிக் குடுத்தோம். இன்னிக்கு உன் பேரைச் சொல்லிட்டோம்.”