மூன்று நாள் ஜாக்கிரதை

"ரேடியேஷன் பட்ட மருந்த என் தலையில கட்டிட்டியேம்மா, இத பாரு!"

செங்கம் ரோடு மருந்துக்கடையில் சக்கரவர்த்தி டியூபைப் பிதுக்கிக் காட்டினார். கண்ணில் போடும் வெள்ளைக் களிம்பு மஞ்சளாகி எண்ணெயாய் ஓடியது.

'காமா கதிர்வீச்சால் கிருமிநீக்கம் செய்யப்பட்டது' என்று அட்டையில் இருந்ததைக் காட்டி அவர் தயங்கியபோது, "ஒண்ணும் ஆகாது, நம்பி வாங்குங்க" என்று விற்றவள் கடையில் வேலை பார்க்கும் நூரைன்தான். சில மருந்துகள் கதிர் பட்டால் நிறம் மாறும் என்று நேற்றுதான் பார்மசி மாலை வகுப்பில் குறிப்பெடுத்திருந்தாள். அவசரப்பட்டுச் சொல்லிவிட்டோமோ?

"வீட்டம்மா கண்ணுல போட்டுட்டீங்களா?"

"தனத்துக்கு ஆபரேஷனே நாளைக்குத்தான். உன் முதலாளி வரட்டும், உன்ன இன்னா பண்றேன் பாரு."

நூரைன் அதே பேட்ச்சில் இன்னொரு டியூபை எடுத்துத் திறந்தாள். களிம்பு வெள்ளைவெளேரென்று இருந்தது.

"இதுக்கும் அதே கதிர்தாங்க பட்டிருக்கு. உங்களுது மட்டும் ஏன் இப்படி? எங்க வச்சிருந்தீங்க?"

"உன்னவிட ஜாக்கிரதையாதான் வச்சிருந்தேன். ரேடியேஷன் போவட்டும்னு மூணு நாளு மொட்டமாடி வெயில்ல, வடகத்தோட காயவச்சி எடுத்தேன்!"

நூரைனுக்கு மூச்சு வந்தது. கதிர் மருந்தில் தங்காது, கெடுத்தது வெயில்தான் என்று நிதானமாக விளக்கினாள். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுப் புது டியூபை வாங்கிக்கொண்டவர், படியில் நின்று திரும்பினார்.

"அப்போ இத நெழல்லயே காயவச்சிடட்டுமா?"