ஆறுக்குப் பிறகு ஒன்பது

டிரைவர் இன்றைக்கு ஒழுங்காக எண்ணினார். ஒன்றிலிருந்து பத்து வரை, ஒரு எண்ணைக்கூட முழுங்காமல்.

அதுதான் யாருக்கும் பிடிக்கவில்லை.

கூடைப்பந்து மைதானத்தின் வெள்ளைக்கோட்டில் வழக்கம்போல வரிசை. எல்லோருமே வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். கடைசியில், மருமகளின் தோளைப் பிடித்தபடி கணக்கு டீச்சர்.

பக்கவாதம் வந்து படுத்த பிறகு, காலை உடற்பயிற்சிக்கு இன்றுதான் வந்திருக்கிறார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது.

"அத்தைக்கு நாம பேசுறது எல்லாம் புரியுது. ஒரு வார்த்தைகூட வரமாட்டேங்குது. நாங்களும் பேசிப் பேசிப் பாத்துட்டோம். நீங்க எதுவும் கேட்டு அழ வச்சிடாதீங்க" என்று வந்ததுமே மருமகள் சொல்லிவிட்டாள்.

யாரும் கேட்கவில்லை. எல்லோரும் நல்ல பிள்ளைகளாக நின்றார்கள்.

முன்பெல்லாம் இப்படியா? பத்து எண்ணும்வரை கையைத் தூக்கியே வைத்திருக்க வேண்டும். டிரைவர் ஆறிலிருந்து ஒன்பதுக்குத் தாவிவிடுவார். காலமெல்லாம் பஸ் ஓட்டியவர். ஸ்டாப்பில் நிறுத்தாமல் போவது அவருக்குப் புதுசா என்பார்கள்.

"ஏழு எங்கய்யா? எட்டு எங்க?" என்று டீச்சர் கத்துவார்.

தண்டனையாக எல்லோரும் மறுபடி ஒன்றிலிருந்து. வரிசையே டிரைவரைத் திட்டும். திட்டிக்கொண்டே சிரிக்கும்.

இப்போது இரண்டாவது சுற்று.

"கை மேல. ஒண்ணு... ரெண்டு..."

டீச்சரின் இடது கை உயர்ந்தது. வலது கை இடுப்புவரை வந்து நின்றுவிட்டது. விரல்கள் மட்டும் மேலே போகப் பார்த்தன.

டிரைவர் அதைப் பார்த்தபடியே எண்ணினார்.

"அஞ்சு... ஆறு..."

டிரைவர் தோளில் கிடந்த துண்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"ஒம்போது. பத்து."

யாரும் கையை இறக்கவில்லை.

வரிசையிலேயே மெதுவானவர் என்பதால் 'ஸ்பீடு' என்று பெயர் வாங்கியவரும் இறக்கவில்லை. அப்படியே நின்றார்.

"ஏன் நிக்கிறீங்க? பத்து சொல்லியாச்சே?" என்றாள் மருமகள்.

எல்லோரும் டீச்சரையே பார்த்தார்கள்.

டீச்சரின் கழுத்து நரம்பு புடைத்தது. கோபம்தான். பழைய கோபம்.

"ஏ..."

எச்சில் வழிந்தது. துடைக்க வந்த மருமகளின் கையைத் தட்டிவிட்டார்.

"ஏழு!"

மருமகள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"போச்சுடா! மறுபடி ஒண்ணுலேருந்தா? இந்த ஆளால என் தோள்பட்டையே கழண்டுடும் டீச்சர்!" என்று ஸ்பீடு அலறினார்.

வரிசை முழுக்கச் சிரிப்பு. நடுவில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

மறுபடி ஒன்றிலிருந்து எண்ணி முடித்துக் கலைந்தபோது, ஸ்பீடு டிரைவரின் முதுகில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார்.

"கில்லாடிய்யா நீ! நேரம் பாத்துத் தாண்டினே பாரு!"

டிரைவர் தலையாட்டினார். துண்டால் முகத்தைத் துடைத்தார், தேவைக்கு மேலேயே.

அந்தக் கை இடுப்போடு நின்றதைப் பார்த்ததும் ஏழும் எட்டும் தன் தொண்டையை விட்டு வரவில்லை என்பதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.