பிரைவசிக்குத் தமிழில் என்ன

“ரகசியம்னா மறைக்கிறது. தனிமைன்னா யாருமில்லாமத் தவிக்கிறது. பிரைவசி ரெண்டும் இல்லை. அது ஒரு மரியாதை,” என்றான் குலசேகரன், பெண் பார்க்க வந்த அன்று மொட்டைமாடியில். கல்லூரியில் ஆங்கிலம் நடத்துபவன்.

“அதுக்குத் தமிழ்ல என்னங்க?” என்று கேட்டாள் அமுதவல்லி.

“நம்ம ஜனங்களுக்கு அது தேவைப்பட்டதே இல்லை. வார்த்தை எங்கேர்ந்து வரும்?”

அவள் மயங்கித்தான் போனாள்.

ஒன்பது வருடமாகிறது. அவர்கள் படுக்கையறைக் கதவில் தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நான்கு துளைகள்தான் இருக்கின்றன. வீட்டின் ஒரே பீரோ அந்த அறையில் இருப்பதால், கல்யாணமான முதல் மாதமே மாமியார் கழற்றச் சொன்னார். மொழி வல்லுநரான கணவரே திருப்புளியோடு வந்து கழற்றினார். அன்றிலிருந்து அமுதவல்லி கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டுதான் புடவை மாற்றுகிறாள். மாமியார் நகைப்பெட்டிக்குத் தள்ளுவார், கொழுந்தன் சட்டைக்குத் தள்ளுவான். “ஒரு நிமிஷம்” என்பாள். அதற்கு மேல் அவள் எதுவும் கேட்டதில்லை.

இன்று கூடத்தில் குலசேகரனின் மாணவர்கள் ஆறு பேர் காபி குடிக்கிறார்கள். “பிரைவசிங்கிறது ஒரு மரியாதை,” என்று அதே குரலில் ஆரம்பித்தான். ஒருத்தி குறிப்பெடுத்தாள். உள்ளே, பாதிக் கொசுவத்தைப் பிடித்தபடி நின்ற அமுதவல்லியின் முதுகில் கதவு இடித்தது.

“பீரோவத் தொறக்கணும், நகரும்மா,” என்றார் மாமியார்.

அமுதவல்லி நகரவில்லை. கூடத்துக்குக் கேட்கும்படி சொன்னாள்:

“புரொபசர் சார், பாடத்தை முடிச்சிட்டு இந்தக் கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் போட்டுக் குடுங்க.”