அடுப்பு கிடையாது

"இந்த ஹீட் பம்ப்பை இன்னிக்கு ஒரு கை பார்க்காம விடமாட்டேன்" என்று ஸ்டூலில் ஏறினாள் சிக்னே.

வெளியே மைனஸ் இருபது. நார்வே மலையோரத்துப் பழைய மரவீட்டில், வீட்டைச் சூடாக்க வேண்டிய அந்தச் சுவர்க் கருவி குளிர்காற்றையே ஊதிக்கொண்டிருந்தது.

"விறகு அடுப்பைப் பத்த வை. வீடு தானா சூடாயிடும்" என்றார் கம்பளிக்குள் சுருண்டிருந்த அவள் கணவர் ஹால்வோர்.

"அடுப்பு கிடையாது."

"பிடிவாதக்காரி! காசு போட்டு வாங்கின மெஷினை விட்டுக்கொடுக்க மனசு வரலை உனக்கு."

சிக்னே ஃபில்டரைக் கழுவி மாட்டினாள். ரிமோட்டை மாற்றி மாற்றி அழுத்தினாள். அப்படியும் குளிர்தான். பூட்ஸை மாட்டிக்கொண்டு, வீட்டுக்குப் பின்னால் இருக்கும், கருவிக்குக் காற்றை இழுக்கும் வெளிப்பெட்டியைப் பார்க்கப் போனாள்.

பெட்டியையே காணோம். அதை மறைத்து ஆளுயரத்துக்கு பிர்ச் விறகு, காற்று நுழைய இடுக்கில்லாமல், செங்கல் சுவர் மாதிரி அடுக்கியிருந்தது.

ஜன்னலைத் திறந்து ஹால்வோர் தலையை நீட்டினார். "பெட்டி மேல பனி அடிக்கக் கூடாதுன்னு நான்தான் அடுக்கினேன். எப்படி இருக்கு?"

சிக்னே ஒரு கட்டையை எடுத்துத் திருப்பினாள். பிளந்த இடம் இன்னும் வெளுப்பாக இருந்தது.

"இதைப் பிளந்தது யாரு?"

"நீ சர்ச்சுக்குப் பாடப் போனப்போ... கொஞ்சம் கொஞ்சமா நான்தான்."

கட்டையைப் பனியில் வீசினாள். அடுத்ததையும் வீசினாள்.

"இரு, நானும் வந்து எடுக்கிறேன்."

"வாசப்படி தாண்டினே, தெரியும் சேதி! போன வருஷம் விறகு பிளக்கும்போது நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு விழுந்தியே, மறந்துடுச்சா? இந்த மெஷினை எதுக்கு வாங்கினேன்னு நினைச்சே?"

சிக்னே இன்னொரு கட்டையை உருவினாள்.

"உன்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போற ஹெலிகாப்டர் பின்னாடி, இன்னொரு தடவை என்னால கார் ஓட்ட முடியாது."