பள்ளிக்கூடத்துச் சாவி

"சாவிய மட்டும் குட்த்துடாதீங்க டீச்சர். நாங்க கீறோம்ல?"

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் போகும் சாலையின் நடுவில் சம்மணம் போட்டபடி லோகநாதன் சொன்னார். அவர் பின்னால் ஊரே உட்கார்ந்திருந்தது. எதிரே அரசு தொடக்கப்பள்ளி. அதை மூடிவிட்டுப் பக்கத்து ஊர்ப் பள்ளியோடு சேர்க்கச் சொல்லி உத்தரவு வந்திருந்தது. தலைமையாசிரியை இளமதி, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு ஊராரோடு உட்கார்ந்துவிட்டார்.

சாவி வாங்க வந்த கல்வி அதிகாரி சந்திரமோகன் வெயிலில் நின்றார். இரும்புக் கம்பி ஏற்றிய லாரிகளும் கம்பெனி பஸ்களும் வரிசையாக நின்றன. கடைசி லாரி ஆந்திராவில் நிற்பதாகப் பேச்சு. போய்ப் பார்த்தவர் யாருமில்லை.

"எங்க தாத்தா குட்த்த எடம் சார் இது," என்றார் லோகநாதன். "நான் எழுத்து கத்துக்கினது இங்கதான். இத்தப் பூட்டிட்டா ஏழை ஜனம் எங்க சார் போவும்?"

பள்ளிக்கூடத்தைத் தொட்டால் மண்ணை வாரித் தூற்றுவேன் என்று எழுந்தாள் அஞ்சம்மாள். குனிந்து மண்ணும் எடுத்துக்கொண்டாள்.

"ஒங்க புள்ளைங்கள..." என்று ஆரம்பித்தார் அதிகாரி. கோஷம் அவரை முடிக்க விடவில்லை. மறுபடி ஆரம்பித்தார், மறுபடி கோஷம். கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

இளமதிக்குக் கண் கலங்கியது. "இந்த ஜனம் இருக்கிற வரைக்கும் என் பள்ளிக்கூடம் எங்கயும் போகாது சார்."

மறியல் யாருக்கும் வழிவிடவில்லை. கம்பெனி மேனேஜர் ஒருவர் இறங்கி வந்து கும்பிட்டுப் பார்த்தார். ஒரு கல்யாணக் காரில் மாப்பிள்ளையின் மாலை வாடிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் லாரி வரிசையை ஒட்டி ஒரு ஹார்ன் சத்தம் வந்தது. லோகநாதன் எட்டிப் பார்த்தார்.

"நவுந்து குந்துங்கப்பா. வழி வுடுங்க."

அஞ்சம்மாள் மண்ணைக் கீழே போட்டுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. மஞ்சள் வேன் ஊர்ந்து வந்து நின்றது. அதன் பக்கவாட்டில் தனியார் ஆங்கிலப் பள்ளி ஒன்றின் பெயர். டை கட்டிய பிள்ளைகள் இறங்கி, அவரவர் வீட்டாரிடம் புத்தகப் பையைக் கொடுத்தார்கள். லோகநாதன் தோளில் இரண்டு பை ஏறின.

கடைசியாக இறங்கிய சிறுமி கூட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, நேரே இளமதியிடம் வந்து பையை நீட்டினாள்.

"உன் ஸ்கூலுக்கு யாருமே வர்றதில்லன்னு சொல்லுவியே அம்மா. இன்னிக்கி இவ்ளோ பேரு வந்துகீறாங்களே?"

இளமதி முந்தானை முடிச்சை அவிழ்த்து, சாவியை அதிகாரியிடம் கொடுத்தார்.