அகல டயரின் காற்று

ஜல்லிச் சாலையில் முட்டைகள் உடைகின்றன என்று சைக்கிள்காரர் பின்சக்கரத்துக்கு மட்டும் அகலமான டயர் மாட்டினார். கட்டைவிரலால் அமுக்கினால் கல்லாக இருக்கும்வரை காற்றும் அடித்தார். அகல டயருக்குப் பெருமை தாங்கவில்லை.

முதல் குலுக்கலிலேயே, கேரியர் கூடையில் இருந்த, அடைவைக்கப் போகும் முட்டை ஒன்று அலறியது. "அண்ணே, ஓடு விரிஞ்சா நான் குஞ்சாக முடியாது!"

"நான்தான் அகலமாச்சே?"

"இருந்து என்ன? முன்னால போற ஒல்லி அண்ணன் மாதிரியே விறைப்பா இருக்கீங்க. கொஞ்சம் காற்றை விடுங்களேன்."

தொளதொளத்துப் போனால் ஒல்லி டயர் கேலி செய்யாமல் விடுமா? அகல டயர் தயங்கியது. அடுத்த பள்ளத்தில் முட்டை மறுபடி அலறவும், வால்வை மெல்லத் தளர்த்தியது.

"என்ன குண்டா, தொப்பை சரியுது?" என்று சிரித்தது ஒல்லி டயர்.

"ஆமா" என்றது அகல டயர். "சத்தம் போடாதே, முட்டை தூங்குது."