இடது கிருதா

சலூன்காரர் தன் முடியைத் தானே வெட்டிக்கொள்ள முடியாது என்று உலகம் வெகுகாலமாக நம்பிக்கொண்டிருக்கிறது. இதைத் திருத்தியே ஆகவேண்டும். தாராளமாக முடியும். பின்னந்தலையை யாரும் உற்றுப் பார்க்காமல் இருந்தால் போதும்.

மாஸ்டர் ஆறு வருடமாக அப்படித்தான் வெட்டிக்கொள்கிறார். தெருவில் இருக்கும் இன்னொரு சலூன் அவர் கடைக்கு நேர் எதிரே இருக்கிறது. அங்கே தலையைக் கொடுப்பதைவிடச் சடை வளர்ப்பது மேல் என்பது அவர் கட்சி.

"மாப்ளே, அங்க பாரு. தபால்காரர் போறாரு. இப்பத்தான் வெட்டி அனுப்பினேன். கழுத்துல போட்ட பவுடர்கூடக் கலையலை. நேரா அவன் கடைக்குள்ள நுழையறாரு."

மனைவியின் தம்பி பத்திரிகையிலிருந்து தலையை நிமிர்த்தினார். விருந்தாளியாக வந்து ஒரு வாரம்தான் ஆகிறது. "சும்மா பேசப் போயிருப்பாரு மாமா."

"அவன்கிட்டயா? வருஷத்துக்கு நாலு வார்த்தை பேசுறவன்கிட்ட என்ன பேச்சு?"

அது நியாயம்தான். மாஸ்டரின் பேச்சைக் கேட்பதற்கென்றே முடியை வேகமாக வளர்த்தவர்கள் அந்தத் தெருவில் உண்டு.

"ரெண்டு மாசமா இதே கூத்து. இங்க வெட்டிக்கறாங்க, அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்த்துட்டு அங்க நழுவறாங்க. வெட்டின தலைக்கு அங்க என்ன வேலை? என்னமோ குடுத்து ஆள் பிடிக்கிறான். இப்படியே போனா நான் கடையை மூடிட்டுச் சீப்பு விக்க வேண்டியதுதான்."

"அவரைப் பார்த்தா அப்படித் தெரியலையே மாமா."

"உனக்குத் தெரியாது. போன மாசம் கையில டியூப்லைட்டோட வந்து வாசல்ல நிக்கிறான். 'அண்ணே, என்கிட்ட ஒண்ணு மிச்சமா இருக்கு, மாட்டட்டுமா'ங்கறான். கடை நிறைய ஆள் இருக்கறப்ப. என் கடை இருட்டுக் கடைன்னு சொல்லிக் காட்டுறானாம்."

கண்ணாடிக்கு இடது பக்க விளக்கு மூன்று மாதமாக எரியவில்லை என்பது உண்மை. மாற்றுவதாகத்தான் இருந்தார். எதிரியின் டியூப்லைட் வாசல்வரை வந்துவிட்ட பிறகு, மாற்றுவது மானப் பிரச்சினையாகிவிட்டது. தவிர, முப்பது வருடக் கை. அதற்கு விளக்கு எதற்கு?

பதிலடி தயாராக இருந்தது. காலையில்தான் வந்த புதுப் பலகை சுவரில் சாய்ந்திருந்தது: 'எதிரே கெடுத்த தலை இங்கே சரிசெய்து தரப்படும்.'

"மாமா, அவரு எந்தத் தலையைக் கெடுத்தாரு?"

"ஆறு வருஷத்துல ஒண்ணாவது கெடுத்திருக்க மாட்டானா? சரி, நாற்காலியில உட்காரு. வெட்டிவிடறேன். நேரா அங்க போய் என்ன நடக்குதுன்னு பார்த்துட்டு வா. நீ என் சொந்தம்னு அவனுக்குத் தெரியாது."

"ஊர்ல வெட்டிக்கிட்டு பத்து நாள்தான் ஆச்சு மாமா."

"குடும்ப மானத்துக்குப் பத்து நாள் முடியைத் தரமாட்டியா?"

தந்தார். தெருவைக் கடந்து போனார். ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்தவர் உட்காரவில்லை.

"என்ன குடுத்தான்?"

"ஒண்ணும் குடுக்கலை."

"என்னைப் பத்தி என்ன கேட்டான்?"

"ஒண்ணும் கேக்கலை. போய் நின்னதுமே நாற்காலியைக் காட்டினாரு. நல்ல வெளிச்சம் மாமா அங்க. கண்ணாடியில பார்த்தா..."

"பார்த்தா?"

"வலது கிருதா பாதிக் காதுவரைக்கும் இருக்கு. இடது கிருதா அதுக்கு அரை விரல் மேல."

மாஸ்டர் கத்திரியைக் கீழே வைத்தார்.

"அவரு வலதைக் கொஞ்சம் ஏத்தி ரெண்டையும் சமமாக்கினாரு. அவ்வளவுதான் வேலை. காசு நீட்டினேன், வாங்கலை. அப்ப இனிமே இங்கேயே வெட்டிக்கறேன்னு சொல்லிப் பார்த்தேன். 'வேண்டாம், முடி வெட்ட அண்ணன் கடைக்கே போங்க. அந்தக் கை எனக்கு வராது. அவருக்கு இடது பக்கம் விளக்கு இல்லை, அதான்'னாரு."

"தபால்காரர்?"

"மொதல்ல போனது அவருதானாம். உங்ககிட்ட சொல்ல மனசு வராம அங்க போய்க் கேட்டிருக்காரு. அப்புறம் ஒருத்தர் சொல்லி ஒருத்தர். 'அண்ணனுக்குத் தெரிய வேண்டாம், தாங்கமாட்டாரு'ன்னு சொல்லித்தான் எல்லாரையும் அனுப்புறாரு." மைத்துனர் சற்று நிறுத்தினார். "ஒரு வருஷத்துக்கான பேச்சை எனக்காகவே செலவு பண்ணிட்டாரு மாமா."

மாஸ்டர் மைத்துனரின் இரண்டு கிருதாவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எரியாத விளக்கை. பிறகு பலகையை. அன்று கடைசி வாடிக்கையாளர்வரை அவர் வாயே திறக்கவில்லை. வந்தவர்கள் உடம்பு சரியில்லையா என்று விசாரித்துவிட்டுப் போனார்கள்.

மறுநாள் காலை மாஸ்டரின் கடையில் இரண்டு விளக்கும் எரிந்தன. வாசலில் அந்தப் பலகை திருப்பி மாட்டப்பட்டிருந்தது. அதன் பின்பக்கத்தில் 'பத்து நிமிடத்தில் வருகிறேன்' என்று சாக்கட்டியால் எழுதியிருந்தது.

எதிர்க்கடையில் மாஸ்டர் கழுத்தில் வெள்ளைத் துணியோடு உட்கார்ந்திருந்தார். துணைக்கு வந்த மைத்துனர் கதவருகே நின்றார்.

எதிர்க்கடைக்காரர் பின்னந்தலைக்கு வந்ததும் கத்திரியை நிறுத்தி, வெகுநேரம் பார்த்தார்.

"அரை மணி ஆகும்ணே."

மைத்துனர் தெருவைக் கடந்து போய், பலகையில் பத்தை அழித்து முப்பது என்று எழுதினார்.